நாய் வாயில் நத்தை: வீட்டுத் தோட்டத்தில் ஒளிந்திருக்கும் ஆபத்துகள்

மழை விட்ட இரவு ஒன்பது மணி வாக்கில் ஒரு கைவிளக்கை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். பப்பாளி மரத்தடியில் இரண்டு மூன்று நத்தைகள் ஏறிக்கொண்டிருக்கும். காங்கோங் பாத்தியில் இலைகள் ஓட்டை ஓட்டையாக இருக்கும். விளக்கடியில் விழும் ஈசலைத் தின்ன ஒரு தேரை வந்து உட்கார்ந்திருக்கும். சாக்கடை மூடியோரம் எலி ஓடினால் அதிலும் வியப்பில்லை. தாமான் வீடானாலும் கம்போங் வீடானாலும் இந்தக் கூட்டம் மாறுவதில்லை.

அதே கொல்லையில்தான் உங்கள் நாயும் இரவெல்லாம் சுற்றித் திரிகிறது. நாய்க்கு உலகத்தை அறியும் கருவி மூக்கும் வாயும். அசைகிற எதையும் முகர்ந்து பார்க்கும், பிறகு கவ்வும், குட்டியாக இருந்தால் விழுங்கியும் விடும். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் சில வேளைகளில் அந்த ஒரு கடி நாயின் உயிருக்கே உலை வைத்துவிடும். எந்தப் பூச்சி, எந்தப் பிராணி, என்ன செய்யும் என்று தெரிந்து வைத்திருந்தால் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டிய நேரத்தைத் தவறவிட மாட்டீர்கள்.

உணவு வலையைப் பற்றிப் பாடம் நடத்தும்போது கரும்பலகையில் இலை, நத்தை, எலி, பாம்பு, ஆந்தை என்று அம்புக்குறி போடுவோம். நாயை அதில் யாரும் வரைவதில்லை. அந்த அம்புக்குறிகளின் வழியே உணவு மட்டும் போகவில்லை, ஒட்டுண்ணிகளும் நஞ்சும் போகின்றன என்பதையும் நாம் அழுத்திச் சொல்வதில்லை. இன்று அதைப் பார்ப்போம்.

எலிக்கும் நத்தைக்கும் இடையே ஒரு புழு

நம் கொல்லையில் காணும் பெரிய பழுப்பு நத்தை இந்த மண்ணுக்குச் சொந்தமானதன்று. கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்தது. 1847-இல் கல்கத்தாவில் கொண்டுபோய் விடப்பட்டு, அங்கிருந்து இலங்கை, மலாயா என்று பரவியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நம் நாட்டுக்குள் நுழைந்துவிட்டது. மலாய் அண்டைவீட்டார் இதை ‘சீப்புட் பாபி’ என்பார்கள். ஒவ்வொரு நத்தையிலும் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் உண்டு. ஒரு தடவைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை மண்ணுக்குள் இடும். ஆகவே நீங்கள் பத்தைப் பொறுக்கிப் போட்டாலும் அடுத்த மழைக்கு இருபது வந்து நிற்கும்.

நத்தையின் சதை நாய்க்கு நஞ்சன்று. சிக்கல் அதற்குள் குடியிருக்கும் புழுவில்தான். 1935-இல் சீனாவின் கேன்டன் நகரத்து எலிகளின் நுரையீரலில் சென் என்ற விஞ்ஞானி ஒரு மெல்லிய புழுவைக் கண்டு விவரித்தார். அந்த ஊர்ப் பெயரையே சேர்த்து ‘ஆஞ்சியோஸ்ட்ரோஞ்சிலஸ் கேன்டொனென்சிஸ்’ என்று அது அழைக்கப்படுகிறது. எளிமையாக எலி நுரையீரல் புழு என்று சொல்லலாம். வளர்ந்த பெண் புழுவைப் பார்த்தால் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிக்கொண்டு போவதுபோல் இருக்கும். சிவப்பு, அது குடித்த இரத்தம் நிறைந்த குடல். அதைச் சுற்றிக்கொண்டிருக்கும் வெள்ளை, கருப்பை. நுண்ணோக்கியில் அழகாகத்தான் இருக்கும்.

இதன் வாழ்க்கைச் சுழற்சியைக் கவனியுங்கள். வளர்ந்த புழு எலியின் நுரையீரல் தமனிக்குள் முட்டையிடுகிறது. பொரிந்த இளம்புழு மூச்சுக்குழாய் வழியே தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, எலியின் புழுக்கையோடு வெளியே வருகிறது. நத்தைகளுக்கு எலிப் புழுக்கை ஓர் உணவு. நத்தைக்குள் போன இளம்புழு இரண்டு வாரம்போல் அங்கே தங்கி, இரண்டு முறை தோலுரித்து, அடுத்த உயிருக்குள் புகத் தயாராகிறது. அந்த நத்தையை இன்னோர் எலி தின்னும்போது புழு குடல் சுவரைத் துளைத்து, இரத்தத்தில் ஏறி, நேராக மூளைக்குப் போகிறது. மூளையில் சில வாரம் வளர்ந்த பிறகுதான் நுரையீரலுக்கு இறங்குகிறது. எலிக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. நெடுங்காலமாகப் புழுவும் எலியும் ஒன்றுக்கொன்று பழகிப்போனவை.

நாயின் உடலில் இந்தக் கணக்கு பிழைத்துவிடுகிறது. நத்தையைத் தின்ற நாயின் உடலிலும் புழு தண்டுவடத்துக்கும் மூளைக்கும் போகிறது. ஆனால் அங்கிருந்து நுரையீரலுக்குப் போய் வாழ்க்கையை முடிக்க அதற்கு வாய்ப்புக் கிடைப்பதில்லை. நரம்புத் திசுவுக்குள் ஊர்ந்துகொண்டே வளர்கிறது, பிறகு சாகிறது. நாயின் நோய் எதிர்ப்புச் சக்தி அந்தப் புழுவின்மேல் பாய்கிறது. இயோசினோபில் என்ற வெள்ளை அணுக்கள் திரண்டு வந்து வீக்கத்தை உண்டாக்குகின்றன. புழு செய்யும் சேதத்தோடு இந்த வீக்கமும் சேர்ந்துகொள்கிறது.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன், சிட்னி நகரங்களின் கால்நடை மருத்துவர்கள் 1970-களிலிருந்து இந்த நோயைக் கவனித்து எழுதி வருகிறார்கள். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிகள். முதலில் பின்னங்கால் தள்ளாடும். குட்டி படியேற மறுக்கும். வால் தொங்கிப்போகும். முதுகைத் தொட்டாலே வலியில் கத்தும், சில குட்டிகள் கடிக்கவும் வரும். சிறுநீர் தானாக ஒழுகும். பலவீனம் பின்னாலிருந்து முன்னங்கால் நோக்கி ஏறிக்கொண்டே வரும். நத்தையைத் தின்ற அன்றே இது நடக்காது. ஒன்று, இரண்டு வாரம் கழித்தோ அதற்கு மேலோ தொடங்கும். அதனால்தான் வீட்டில் உள்ளவர்கள் நத்தையை நினைத்துப் பார்ப்பதே இல்லை. “எங்கேயோ விழுந்திருக்கும், கால் சுளுக்கியிருக்கும்” என்று எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார்கள்.

இங்கே ஒன்றை மறக்காதீர்கள். பின்னங்கால் தள்ளாடும் குட்டிக்கு, மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்கிய பூச்சி மருந்தைக் கொடுக்கவே கூடாது. மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கும் புழுக்கள் ஒரே நேரத்தில் செத்தால் வீக்கம் இன்னும் கூடும். மருத்துவர்கள் பெரும்பாலும் வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தில்தான் தொடங்குவார்கள். காலத்தோடு போனால் பல நாய்கள் தேறிவிடுகின்றன. முழுதும் முடங்கிய பிறகு போனால் தேறும் வாய்ப்பு குறைவு.

நம் நாட்டு எலிகளிடம் இதன் நெருங்கிய உறவினம் ஒன்றும் உண்டு. அது தனி இனம் என்று 1971-இல் பிரித்தறிந்து, ‘ஆஞ்சியோஸ்ட்ரோஞ்சிலஸ் மலேசியென்சிஸ்’ என்று நம் நாட்டின் பெயரையே வைத்தார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இணையத்தில் தேடிப் படிப்பவர்களுக்காக ஒரு சொல். இங்கிலாந்து நாட்டுப் பக்கங்களில் ‘நாய் நுரையீரல் புழு’ என்று விரிவாக எழுதியிருப்பார்கள். அதுவும் நத்தை வழியாகத்தான் வருகிறது. ஆனால் அது வேறு இனம். அந்தப் புழுவுக்கு நாயும் நரியுமே சொந்த வீடு. நாயின் இதயத்திலும் நுரையீரல் தமனியிலும் தங்கி இருமல், மூச்சிரைப்பு, இரத்தக் கசிவு ஆகியவற்றை உண்டாக்கும். நம் எலிப் புழுவோ நரம்பைத் தாக்குவது. அறிகுறிகளை அங்கே படித்துவிட்டு “என் நாய் இருமவில்லையே” என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

மனிதர்களுக்கும் இந்த எலிப் புழுவால் மூளை உறை அழற்சி வரும். 2010-இல் சிட்னியில் ஓர் இளைஞர் நண்பர்களின் சவாலுக்காக ஓர் ஓடில்லா நத்தையை விழுங்கினார். பல மாதம் நினைவிழந்து கிடந்து, கைகால் முடங்கி, 2018-இல் இறந்துபோனார். குழந்தைகள் நத்தையைக் கையில் வைத்து விளையாடினால் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். பச்சையாகத் தின்னும் கீரையை ஒவ்வோர் இலையாகக் கழுவுங்கள். பொடி நத்தைகள் இலை மடிப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நத்தையைவிடக் கொடியது நத்தை மருந்து

இத்தனையும் படித்துவிட்டு, “நாளைக்கே கடைக்குப் போய் நத்தை மருந்து வாங்கித் தூவிவிடுகிறேன்” என்று கிளம்பிவிடாதீர்கள். என்னைக் கேட்டால், நாய் வளர்க்கும் வீட்டில் நத்தையைவிட நத்தை மருந்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

செடிக் கடைகளில் நீலம் அல்லது பச்சை நிறத்தில் குருணையாகக் கிடைக்கும் நத்தை மருந்துகள் பலவற்றில் இருப்பது மெட்டல்டிஹைட். நான்கு அசிட்டல்டிஹைட் மூலக்கூறுகள் வளையமாகச் சேர்ந்த பொருள் இது. நத்தையின் வழவழப்பைச் சுரக்கும் உயிரணுக்களைச் சிதைத்து, அதை உலர்ந்து சாக வைக்கிறது. நத்தையை ஈர்ப்பதற்காகத் தவிடும் தானிய மாவும் சேர்த்துச் செய்திருப்பார்கள். அந்த மணம் நாய்க்கும் பிடிக்கும். பார்வைக்கும் அது நாய்த் தீனி போலவே இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? குருணையில் 5 விழுக்காடு மெட்டல்டிஹைட் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாய் 20 கிராம் தின்கிறது, அதாவது ஒரு கைப்பிடி அளவு. உள்ளே போன நஞ்சு 1 கிராம். நாயின் எடை 10 கிலோ என்றால் கிலோவுக்கு 100 மில்லிகிராம். நாயின் உயிருக்கு ஆபத்தான அளவு இந்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. முழுப் பொட்டலத்தையும் கிழித்துத் தின்ற நாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பெரும்பாலும் மூன்று மணி நேரத்துக்குள் அறிகுறி தெரியும். முதலில் பதற்றம், வாயில் எச்சில், தசைத் துடிப்பு. பிறகு உடம்பெல்லாம் நடுங்கி வலிப்பு வரும். இடைவிடாமல் தசைகள் துடிப்பதால் உடல் சூடேறிக்கொண்டே போகும். நாயின் இயல்பான வெப்பநிலை ஏறக்குறைய 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். இந்த நஞ்சில் 41 டிகிரிக்கு மேலும் ஏறும். அந்தச் சூட்டிலேயே மூளையும் ஈரலும் கெடத் தொடங்கும். இதற்கென்று தனியாக மாற்று மருந்து கிடையாது. வலிப்பை அடக்கி, உடலைக் குளிர்வித்து, வயிற்றைச் சுத்தம் செய்து, நஞ்சு வெளியேறும்வரை நாயைக் காப்பாற்றி வைத்திருப்பதே சிகிச்சை. அதை வீட்டில் செய்ய முடியாது.

பிரிட்டனில் 2022 மார்ச் இறுதியோடு திறந்தவெளியில் மெட்டல்டிஹைட் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது. பறவைகளுக்கும் முள்ளெலிகளுக்கும் அதனால் நேரும் தீங்கே காரணம். அங்கே இப்போது இரும்பு பாஸ்பேட் கலந்த மருந்து புழக்கத்தில் இருக்கிறது. அது ஓரளவு பாதுகாப்பானது. ஆனாலும் அள்ளித் தின்றால் வயிற்றைக் கெடுக்கும். பொட்டலத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ள மூலப்பொருள் பெயரை வாங்கும் முன்னே படித்துவிடுங்கள்.

“முட்டை ஓட்டைத் தூளாக்கிப் போட்டால் நத்தை வராது” என்று பாட்டி சொன்னது உங்கள் நினைவுக்கு வரலாம். பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் முட்டை ஓடு, செம்புப் பட்டை, மரப்பட்டைத் தூள், கம்பளி உருண்டை, பருமணல் ஆகிய ஐந்தையும் வைத்துச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டது. தடுப்பு வைத்த செடிக்கும் வைக்காத செடிக்கும் வேறுபாடு தெரியவில்லை. இரவில் கையுறை போட்டுக்கொண்டு பொறுக்கி, கெட்டியான உப்புத் தண்ணீர் வாளியில் போடுவதே எனக்குத் தெரிந்த நல்ல வழி. வாளியை நாய் எட்டாத இடத்தில் வையுங்கள். உப்புத் தண்ணீரும் நாய்க்கு ஆகாது. செத்த நத்தைகளை நெகிழிப் பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள். ஓட்டை அங்கேயே மிதித்து நொறுக்கினால் குட்டி வந்து நக்கிவிடும்.

தேரையின் தோளில் இருக்கும் மருந்துக்கடை

தோல் சொரசொரப்பாக, பருப்பருவாக, தத்தித் தத்திப் போவது தேரை. ‘காத்தாக் பூரு’ என்று மலாயில் சொல்வார்கள். பூச்சிகளைத் தின்று தோட்டத்துக்கு நன்மை செய்யும் உயிர். ஆகவே அதைக் கொல்லச் சொல்ல மாட்டேன். அதன் கண்ணுக்குப் பின்னால் நீள்வட்டமாக இரண்டு மேடுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை நஞ்சுச் சுரப்பிகள். நாய் கவ்வி அழுத்தியதும் பால்போல ஒரு திரவம் பீய்ச்சும்.

படிவம் நான்கு உயிரியலில் சோடியம்-பொட்டாசியம் எக்கி என்று ஒன்று வரும். உயிரணுவுக்குள் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் புரதம். தேரையின் நஞ்சில் உள்ள பூஃபாடைஎனோலைடு என்ற பொருள்கள் அந்த எக்கியை அடைத்துவிடுகின்றன. இதயத் தசையில் இது நடந்தால் துடிப்பு தாறுமாறாகும். இதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் டிகாக்சின் மாத்திரை வேலை செய்வதும் இதே எக்கியில்தான், ஆனால் அளந்து கொடுக்கப்படுகிறது. சீன மருத்துவத்தில் ‘சான் சூ’ என்று விற்கப்படும் மருந்தும் தேரையின் சுரப்பை உலர்த்திச் செய்ததே.

தேரையைக் கவ்விய நாய் சில நிமிடங்களிலேயே நுரை நுரையாக எச்சில் வடிக்கும், முன்னங்காலால் வாயைத் தேய்க்கும், ஈறு செங்கல் நிறமாகும். உடனே ஈரத்துணியால் ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்பக்கம் எல்லாவற்றையும் துடைத்தெடுங்கள். துணியை அலசி அலசி மறுபடி துடையுங்கள். குழாயில் கழுவுவதானால் நாயின் தலையைத் தாழ்த்திப் பிடித்து, வாயின் ஒரு பக்கத்திலிருந்து தண்ணீர் முன்பக்கமாக வழிந்து போகும்படி கழுவுங்கள். தொண்டைக்குள் பாய்ச்சினால் நஞ்சு வயிற்றுக்கும் தண்ணீர் நுரையீரலுக்கும் போய்விடும். வெறும் எச்சிலோடு அடங்கினால் நல்லது. தள்ளாட்டம், வாந்தி, வலிப்பு ஏதாவது தெரிந்தால் காத்திருக்காமல் வண்டியை எடுங்கள்.

எலியும் மற்றவையும்

எலியால் இரண்டு வகை ஆபத்து. ஒன்று எலிச் சிறுநீர் நோய். 2010 டிசம்பரிலிருந்து மனிதர்களுக்கு இந்நோய் கண்டால் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். நாய்க்குக் காய்ச்சல், வாந்தி, கண்ணும் ஈறும் மஞ்சளாதல், சிறுநீரகம் கெடுதல் என்று போகும். நாயிடமிருந்து வீட்டாருக்கும் தொற்றலாம். ஆகவே நோய்வாய்ப்பட்ட நாயின் சிறுநீரை வெறுங்கையால் துடைக்காதீர்கள். நாய்க்குத் தடுப்பூசி உண்டு, ஆண்டுதோறும் போட வேண்டும்.

மற்றொன்று எலி மருந்து. 1948-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த வார்ஃபரின் இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. விஸ்கான்சின் மாநிலத்தில் கெட்டுப்போன தீவனப்புல்லைத் தின்று இரத்தம் கசிந்து செத்த மாடுகளை ஆராய்ந்ததில் கிடைத்த அறிவு அது. இன்று கடையில் கிடைக்கும் புரோடிஃபாகும், புரோமாடையோலோன் ஆகியவை அதைவிடப் பன்மடங்கு வீரியமானவை. உடலில் வைட்டமின் கே மீண்டும் பயன்படாதபடி தடுத்துவிடும். இரத்தம் உறைய உதவும் புரதங்கள் கையிருப்பில் உள்ளவரை நாய் நன்றாகவே இருக்கும். மூன்று முதல் ஐந்து நாளில் ஈறு வெளுத்து, சோர்ந்து, மூச்சிரைத்து விழும். மருந்தை நேரடியாகத் தின்றாலும் ஆபத்து, மருந்து தின்ற எலிகளை நாய் தொடர்ந்து பிடித்துத் தின்றாலும் ஆபத்து. இதற்கு மாற்று மருந்து உண்டு. வைட்டமின் கே1, சில வாரங்களுக்குத் தொடர்ந்து கொடுக்க வேண்டும். நாய் தெம்பாகத் தெரிகிறதே என்று நடுவில் நிறுத்தினால் மறுபடி கசியும்.

சாண வண்டைத் தின்னும் நாய்க்கு உணவுக்குழாயில் கட்டி உண்டாக்கும் ஒரு புழு வரலாம். கம்பளிப்பூச்சியின் முடி நாக்கில் குத்தி வீங்க வைக்கும். பல்லி என்று கேட்பீர்கள். அது நாயைவிடப் பூனைக்குத்தான் கவலை, பல்லியைத் தின்னும் பூனையின் ஈரலில் ஒரு தட்டைப்புழு குடியேறும். கரப்பான் பூச்சியை நாய் ஒன்றிரண்டு தின்பதற்கெல்லாம் பதற வேண்டாம். அதற்கு வைத்த மருந்தைத் தின்றதா என்று மட்டும் பாருங்கள்.

நஞ்சு எதுவானாலும், நம் வீடுகளில் உடனே செய்வது பால் ஊற்றுவது, தேங்காயெண்ணெய் புகட்டுவது, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைப்பது. மூன்றும் வேண்டாம். நடுங்கும் நாயின் வாயில் எதை ஊற்றினாலும் அது மூச்சுக்குழலுக்குள் போக வாய்ப்பு அதிகம். உப்பே தனி நஞ்சாகிவிடும். மருத்துவரை முதலில் அழைத்து, என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன என்ற நான்கையும் சொல்லுங்கள். மருந்துப் பொட்டலம் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள், கிழிந்ததாக இருந்தாலும் சரி. இரவில் திறந்திருக்கும் கால்நடை மருந்தகம் உங்கள் ஊருக்கு அருகில் எது என்று இன்றைக்கே விசாரித்து, எண்ணைக் கைப்பேசியில் சேமித்து வையுங்கள். நள்ளிரவில் நாய் துடித்துக்கொண்டிருக்கும்போது தேடிக்கொண்டிருக்க முடியாது.

பலரும் கவனிக்காத ஓர் இடம் நாயின் தண்ணீர்ச் சட்டி. இரவில் தேரை அதில் வந்து உட்காரும், நத்தை விளிம்பில் ஏறும், மீந்த தீனியைத் தேடி எலியும் வரும். மாலையிலேயே தீனித் தட்டை எடுத்து உள்ளே வையுங்கள். தண்ணீர்ச் சட்டியையும் வீட்டுக்குள்ளோ, தரையிலிருந்து உயர்ந்த திண்ணையிலோ வைத்து, காலையில் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள்.